ஆளுயரத்தில் ஒரு நெருப்புக் கயிறு

உங்கள் வீட்டுச் சுருட்டை யார் கொளுத்துகிறார்கள்? குடிப்பவர் யார் என்று கேட்கவில்லை. கொளுத்துபவர் யார் என்று கேட்கிறேன். பதில் உங்களுக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வராது. நீங்கள் யோசித்துக்கொண்டிருங்கள். அதற்குள் மீனாம்பிகை ஒரு பையனின் வாயை மோந்து முடித்துவிடுவார்.

"ஊது."

பையன் கடைப் பலகையில் நாடியை வைத்துக்கொண்டு மெல்ல ஊதுகிறான்.

"சூடான தேத்தண்ணிக்கு ஊதிறாய். எனக்கு ஊது. கிட்ட வா."

அவன் கிட்ட வந்து ஊதுகிறான். மீனாம்பிகை கண்ணை மூடி ஒருதரம் மூச்சை இழுக்கிறார்.

"கொய்யா இலை மணக்குது. ஏன் காணும், நீர் ஆடோ?"

பின்னால் நிற்கிற சிறுமிகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

"வயித்துவலிக்குச் சப்பினனான் மீனாக்கா."

"வயித்துவலிக்காரனுக்கு எள்ளுருண்டை கூடாது. நாளைக்கு வாரும்."

சுருட்டு மணத்தை மறைக்கக் கொய்யா இலை சப்புவது இந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் பழைய தந்திரம். ஒவ்வொரு தலைமுறையும் அதைத் தானே கண்டுபிடித்ததாக நினைக்கிறது. மீனாம்பிகையின் கடையில் பதினாறு வயதுக்குக் கீழே உள்ள யாரும் ஊதிக் காட்டாமல் ஒன்றும் வாங்க முடியாது. எள்ளுருண்டை மட்டுமல்ல, பென்சில்கூட இல்லை. வாய் சுத்தமாக இருந்தால் தோடம்பழ இனிப்பு ஒன்று சும்மா கிடைக்கும். அது இருக்கும் நாளில்.

சாவகச்சேரிச் சந்தையிலிருந்து சைக்கிளில் முக்கால் மணி நேரம் கிழக்கே போனால் இலுப்பையடிச் சந்தி. நாலு தூணில் தென்னங்கிடுகு வேய்ந்த அந்தப் பெட்டிக்கடையை நீங்கள் தேட வேண்டியதில்லை. ஆம்பிளைகள் வரிசையாக அண்ணாந்து நிற்கிற இடம் எதுவோ அதுதான். கடைக்காரிக்கு வயது நாற்பத்தொன்பது. நெடுத்த உடம்பு. தோட்டை விற்ற பிறகு காதுத் துளை தூர்ந்து போகாமலிருக்க ஈர்க்குத் துண்டு செருகியிருக்கிறார். மூக்குக்கண்ணாடியின் ஒரு காதுக்கு நூல். வலது கைப் பெருவிரலில் எந்நேரமும் ஒரு சுட்ட காயம், பழையது ஆறமுன் புதியது.

அந்தக் காயத்தைக் கொடுத்தது கடையின் முன் தூணில் தொங்குகிற தும்புக் கயிறு. அதன் கீழ் நுனியில் காலையிலிருந்து இருட்டும்வரை கனல் இருக்கும். யுத்தத்தில் பாதை மூடிச் சாமான் வருவது நின்ற நாளிலிருந்து இந்த ஊர் ஒரு நெருப்புக்குச்சியை இரண்டாகப் பிளக்கப் பழகிவிட்டது. தீப்பெட்டி வைத்திருக்கிறவன் அதைச் சட்டைப்பையில் போட்டுத் திரிவதில்லை, பெட்டகத்தில் வைத்துப் பூட்டுகிறான். வீட்டு அடுப்புகள் மத்தியானச் சமையலோடு ஆறிவிடும். அதன் பிறகு ஊருக்கு நெருப்பு என்றால் மீனாம்பிகையின் கயிறுதான்.

நெருப்பு தேவைப்படுவது சுருட்டுக்கு. கடைக்கு வந்தது பிள்ளைகள்.

"ஒரு சுருட்டு வாங்கி, கயித்திலை கொளுத்திக்கொண்டு ஓடியா." ஒவ்வொரு பின்னேரமும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இந்தக் கட்டளையோடு ஐந்து வயது, ஆறு வயது, எட்டு வயது ஓடிவரும். சுருட்டுக்கு ஒரு குணம் உண்டு. கொளுத்திவிட்டுச் சும்மா பிடித்துக்கொண்டு நடந்தால் பத்தடியில் நூர்ந்து, அணைந்து போகும். அதை உயிரோடு வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் வழியெல்லாம் இழுக்க வேண்டும். நூர்ந்த சுருட்டோடு போகிற பிள்ளைக்குக் குட்டு. இழுத்துக் கனலோடு கொண்டுபோகிற பிள்ளைக்கு "கெட்டிக்காரன்" என்ற பட்டம். இதற்குப் புகைத்தல் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. கடைக்குப் போய்வருதல் என்றே பெயர். பிறகு அதே பிள்ளை பதினைந்து வயதில் பள்ளிக்கூட மதிலுக்குப் பின்னால் பீடியோடு பிடிபடும்போது, ஐந்து வயதில் அவனுக்குப் பழக்கிக் கொடுத்தவரே பூவரசந் தடி முறித்துக்கொண்டு ஓடுகிறார். ஒழுக்கம் கெட்டுப்போச்சாம். யார் கெடுத்தது?

இந்தக் கேள்வியை மீனாம்பிகை முதலில் தன்னிடம் கேட்டார். அதனால்தான் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

"முந்தி அந்தக் கயிறு இவ்வளவு பதிவாத் தொங்கினது" என்று தன் இடுப்புக்கு நேரே கையை வைத்துக் காட்டுகிறார். "ஏன் தெரியுமோ? பிள்ளையள் எட்டவேணும் எண்டுதான் கட்டினனான். எட்டாமல் துள்ளிக் கையைச் சுட்டுப்போடுங்கள் எண்ட கவலை. நல்ல மனுசி எண்டு எனக்கே நினைப்பு."

இரண்டு வருடத்துக்கு முன், தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு வைகாசியில் ஒரு மத்தியானம். ஏரம்பரின் பேரன் தயாபரன் வந்தான். அப்போது அவனுக்கு எட்டு வயது. ஏரம்பர் அந்தச் சந்தியில் பெரிய மனிதர். பத்துப் பரப்பில் புகையிலை நடுகிறவர். கடை நின்ற மூலையும் அவருடைய காணிதான். அன்றைக்குக் காற்று. சுருட்டும் சற்று ஈரம். பையன் கொளுத்திக்கொண்டு போனான். நூர்ந்து திரும்பி வந்தான். மறுபடி போனான், மறுபடி வந்தான். மூன்றாவது தடவை மீனாம்பிகை அவன் தலையைத் தடவிச் சொன்னது இது:

"நல்லா உள்ளுக்கை இழு மோனை. பேந்து நூராது."

சொல்கேட்கிற பிள்ளை. இழுத்தான்.

அரை மணி நேரத்துக்குள் ஒழுங்கைச் சந்து வழியே செய்தி வந்தது. தயாபரன் பனை வடலிக்குக் கீழே விழுந்து கிடக்கிறான், சத்தி எடுக்கிறான், முகம் சாம்பல், உடம்பு குளிர்ந்து வியர்க்கிறது. "மத்தியான நேரம், தனிவழி, முனி பாத்திட்டுது" என்று ஊர் ஒரு நொடியில் தீர்ப்பும் எழுதிவிட்டது. ஏரம்பர் வீட்டு விறாந்தையில் ஒருவர் வேப்பிலைக் கொத்தால் பிள்ளையின் தலையிலிருந்து கால்வரை அடித்துக்கொண்டிருந்தார். திருநீறு, தேசிக்காய், மந்திரம். பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது. நாற்பது பெரியவர்கள் சுற்றி நிற்கிறார்கள். பையன் விழுந்த இடத்தில் பாதி எரிந்த சுருட்டொன்று கிடந்ததை எல்லோரும் கண்டிருக்கிறார்கள். ஒருவர் அதைப் பத்திரமாகப் பொறுக்கி ஏரம்பரிடம் கொடுத்தும்விட்டார்.

மீனாம்பிகை கடையைத் திறந்தபடி விட்டுவிட்டு ஓடினார். வாழ்நாளில் அவர் கடையை ஆளில்லாமல் விட்ட ஒரே நேரம் அது. அன்று விறாந்தையில் நின்றவர்கள் மூன்று பேரிடம் தனித்தனியே விசாரித்தேன். மூவரும் ஒரே மாதிரித்தான் சொன்னார்கள்.

"ஐயா, உது முனியுமில்லை ஒண்டுமில்லை. நான்தான் இழுக்கச் சொன்னனான். உங்கடை சுருட்டு."

"உனக்கென்ன விசரோடி பிள்ளை?" என்றார் ஏரம்பர். "சுருட்டுக் கொண்டுவாறது நேற்று இண்டைக்கு வந்த பழக்கமே? நானும் என்ரை அப்பருக்குக் கொண்டுபோனனான். செத்தே போனன்?"

"உங்கடை மிளகாய்க் கண்டுக்கு பூச்சி பிடிச்சால் இப்ப என்ன ஐயா அடிக்கிறியள்?"

"மருந்து எங்கை கிடக்கு? புகையிலையை ஊறவைச்ச தண்ணிதான்."

"அடிச்சால் பூச்சி என்னவாகும்?"

ஏரம்பருக்கு முந்தி, வேப்பிலையோடு நின்றவர் தன்னை மறந்து, "செத்துப்போம்" என்றார்.

"அப்ப பிள்ளை?"

படித்த மனிதர்கள் நாலு பேர் அங்கே இருந்தார்கள். அவர்களில் ஒருவர் விஞ்ஞானம் கற்பிக்கிறவர். ஐந்தாம் வகுப்போடு நின்ற கடைக்காரி கேட்ட கேள்வி அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் கேட்கத் துணிவில்லை. எது உண்மையென்று எனக்குத் தெரியாது. எதுவானாலும் வெட்கம் ஒன்றுதான்.

முதலில் அசைந்தவர் பிள்ளையின் தாய் பத்மாவதி. புருசன் ஜேர்மனியில், மாமனார் வீட்டில் குரல் உயர்த்திப் பேசியறியாத பெண். வேப்பிலைக்காரரின் கையை விலக்கிப் பிள்ளையைத் தூக்கினார். மீனாம்பிகையின் கணவர் தில்லைநாதன் கடைக்குப் பக்கத்தில் சைக்கிள் திருத்துகிறவர். நல்ல சைக்கிள் ஒன்றோடு அவர் படலை வாசலில் தயாராக நின்றார். பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலையில் கஞ்சி கேட்டது.

அன்று விடிந்ததும் மீனாம்பிகை முதல் வேலையாகக் கயிற்றை அவிழ்த்தார். தன் உச்சிக்கு நேரே நுனி வரும்படி உயர்த்திக் கட்டினார். கரித்துண்டு எடுத்துத் தூணில் ஒரு கோடு போட்டார். சந்திக்கு வருகிற பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தூணோடு நிறுத்தி, கையை உயர்த்தச் சொல்லி அளந்து, அவர்களுக்கும் கோடு போட்டார். எல்லாக் கோடுகளும் கயிற்றுக்குக் கீழே. பிறகு கடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

"மீனாக்கா, அப்பாவுக்கு ஒரு சுருட்டு."

"கொப்பருக்குக் காலில்லையோ?"

இந்த மூன்று சொல்லுந்தான் அவர் பிரசாரம். துண்டுப்பிரசுரமில்லை, ஒலிபெருக்கி இல்லை. ஒரு கிழமைக்குள் பிள்ளைகள் அதைப் பாட்டாக்கிவிட்டார்கள். தகப்பன்மார் "எடேய், கடைக்குப் போட்டு வா" என்றால், வளவுக்கு வெளியே ஓடி நின்று, "கொப்பருக்குக் காலில்லையோ, கொப்பருக்குக் காலில்லையோ" என்று குதிக்கத் தொடங்கினார்கள். அடியும் வாங்கினார்கள். ஆனால் அடித்த கையோடு அந்தத் தகப்பன்மாருக்குக் கடைக்கு நடக்க வேண்டியும் வந்தது. வேறு நெருப்பு எங்கே?

மீசை அரும்பிய பையன்களும் வந்தார்கள். கயிறு எட்டும் என்ற துணிவு. "உயரம் காணும் மோனை, வயசு காணாது" என்று திருப்பி அனுப்பினார். ஒருவன், "வயசு எவ்வளவெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று மல்லுக்கு நின்றான். "நீ பிறந்த அண்டைக்குக் கொம்மாவுக்குப் பத்தியச் சரக்கரைச்சுக் குடுத்தது நான். நேரமும் சொல்லட்டோ?" என்றதும் அவன் கூட்டாளிகளே அவனைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஆம்பிளைகள் சும்மா இருக்கவில்லை. மீனாம்பிகைக்குப் பெரிய டொக்டர் என்று நினைப்பு என்றார்கள். தில்லைநாதனைப் பிடித்து, "அண்ணை, வீட்டிலையும் வரிசையிலை நிண்டுதானோ சாப்பாடு?" என்று சீண்டினார்கள். தில்லைநாதன் நாளுக்கு நாலு சுருட்டுப் பத்துகிறவர். "ஓமடாப்பா. நானும் எழும்பிப் போய்த்தான் கொளுத்திறன். அண்டைக்குக் கால் வலி எண்டு கேட்டுப் பாத்தன். சுருட்டையே பறிச்சுப்போட்டாள்" என்று அவர் பெருமையோடுதான் சொன்னார். எனக்கும் அதையே சொன்னார்.

எல்லாவற்றிலும் கூர்மையான கேள்வி ஒருநாள் வரிசையில் நின்ற ஒருவரிடமிருந்து வந்தது. அன்று காலை அயலூரில் விமானம் குண்டு போட்டிருந்தது.

"நாட்டிலை குண்டு விழுகுது. நாளைக்கு இருப்பமோ தெரியாது. நீ உந்தப் பெடியளின்ரை சுருட்டை மறிச்சுக்கொண்டு நிக்கிறாய்!"

மீனாம்பிகை வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசைக் கீழே வைத்தார்.

"குண்டை மறிக்க என்னாலை ஏலாது. இதை மறிக்க ஏலும்."

இந்த ஒரு வசனத்தை எங்கள் மண்ணின் எத்தனையோ மேடைகளுக்கு இரவல் கொடுக்கலாம். சாவு மலிந்த இடத்தில் உயிரைப் பற்றிக் கவனமாக இருப்பது வேடிக்கையாகப் பார்க்கப்படுகிறது. சாவு மலிந்த இடத்தில்தான் அந்தக் கவனம் அதிகம் வேண்டும்.

அவரும் ஒருநாள் தவறினார். அதை மறைக்க அவர் விரும்பவில்லை, நானும் மறைக்கப்போவதில்லை. ஒரு பின்னேரம் ஒரு சிறுமி வந்து, "அப்பாவுக்குச் சுருட்டு" என்றாள். மீனாம்பிகை கணக்குப் பார்க்காமல், பழகிய வாயால், "கொப்பருக்குக் காலில்லையோ?" என்றார். "ஓம், இல்லை" என்றாள் சிறுமி.

அவள் நாகலிங்கத்தின் மகள். நாகலிங்கம் ஷெல் விழுந்து முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தவர். குடும்பத்தோடு இடம்பெயர்ந்து இலுப்பையடிக்கு வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது.

"அந்த 'ஓம், இல்லை' இப்பவும் காதுக்கை நிக்குது" என்கிறார் மீனாம்பிகை. "அதுவும் கோவிச்சுச் சொல்லேல்லை. நான் கேட்டனான், அது மறுமொழி சொன்னது."

அதற்காகச் சிறுமியின் கையில் சுருட்டைக் கொடுத்தாரா? இல்லை. ஒரு தேங்காய்ச் சிரட்டையில் சாம்பலிட்டு அதன்மேல் கயிற்றுக் கனலை உதிர்த்து, கடையைத் தில்லைநாதனிடம் விட்டு, அதையும் சுருட்டையும் தானே எடுத்துக்கொண்டு ஒழுங்கைக்குள் நடந்தார். நாகலிங்கத்துக்கு முன்னால் வைத்து, "தம்பி, நான் பிழையாக் கதைச்சுப்போட்டன். பொறுத்துக்கொள். ஆனால் பிள்ளையை விடாதை. நான் கொண்டாறன்" என்றார். அன்று தொடங்கி ஒவ்வொரு பின்னேரமும் சிரட்டை போனது. மூன்று மாதம் கழித்து ஊன்றுகோல் பழகிய நாகலிங்கம் தானே சந்திக்கு வந்து வரிசையில் நின்றார். அவரை முன்னுக்கு விட மற்றவர்கள் விலகியபோது, "ஏன், எனக்கென்ன குறை? நிண்டு வாறன்" என்றார்.

ஏரம்பருக்கு இதெல்லாம் எட்டாமல் இல்லை. ஊரே கேட்க ஒரு கடைக்காரி தன்னைக் கேள்வி கேட்டதை அவர் மறக்கவில்லை. போதாக்குறைக்கு வீட்டிலும் ஒரு மாற்றம். பத்மாவதி மத்தியானச் சமையல் முடிந்ததும் ஒரு செம்புத் தண்ணீரை அடுப்பில் ஊற்றிவிடுவார். ஒரு கொள்ளி மிஞ்சாது. ஏன் என்று மாமனார் கேட்டால், "விறகு மிச்சம் பிடிக்கிறன் மாமா." மாமனார் பேரனைக் கூப்பிட்டால், பேரனுக்கு அந்த நேரம் பார்த்துக் கணக்குப் பாடம் இருக்கும்.

மார்கழியில் ஏரம்பர் ஆள் அனுப்பினார். கயிற்றைப் பழைய இடத்துக்கு இறக்க வேண்டும். இல்லையென்றால் பொங்கலுக்கு முன் கடையைக் கழற்ற வேண்டும். அந்த மூலையில் வாழை வைக்கப்போகிறார்.

மீனாம்பிகைக்கு அந்தக் கடையைத் தவிர ஒன்றுமில்லை. சைக்கிள் திருத்துகிற தில்லைநாதனுக்கு அந்த நிழலைத் தவிர ஒன்றுமில்லை. "ஒரு சாண் இறக்கினால் என்ன? பாதி வழி" என்று சமாதானம் சொல்ல வந்தவர்கள் இருந்தார்கள். "ஒரு சாண் இறக்கினால் எந்தப் பிள்ளை எட்டும் எண்டு தூணைப் பாருங்கோ" என்று கரிக்கோடுகளைக் காட்டினார். பார்த்தவர்களில் ஒருவர் தன் மகனின் கோட்டைக் கண்டுவிட்டு வந்த வழியே திரும்பிப் போனார்.

பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது மீனாம்பிகை கூரையில் ஏறிக் கிடுகை அவிழ்க்கத் தொடங்கினார். வழக்கமான ஆட்கள் சுருட்டோடு வந்து அண்ணாந்து நின்றார்கள்.

"மீனாக்கா, நெருப்பு?"

"கடையோடை நெருப்பும் போகுது. பத்திப்போட்டுப் போங்கோ, இதுதான் கடைசி."

ஒருவரும் பற்றவில்லை. ஒருவரும் போகவுமில்லை. ஏரம்பரின் படலை திறந்திருந்தது. அவர் உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் ஒருவரும் அசையவுமில்லை. அப்போது வரிசையின் நடுவிலிருந்து ஊன்றுகோல் ஒன்று நிலத்தில் இடித்தது.

"ஏன்ரா பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்றார் நாகலிங்கம். "உங்களுக்குக் கையில்லையோ?"

றோட்டுக்கு எதிர்ப்புறம், மதகுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலம். அது எவருடைய காணியுமல்ல. பதினான்கு ஆம்பிளைகள் நாலு தூணையும் கிளப்பி, பலகை, தட்டு, பாதிக் கூரை எல்லாவற்றோடும் கடையை அப்படியே தூக்கினார்கள். தங்கள் பிள்ளைகளை அனுப்பி நெருப்பு எடுப்பித்த அதே ஆம்பிளைகள். மீனாம்பிகை கூரையிலிருந்து இறங்குவதற்குக்கூடப் பொறுக்கவில்லை, "பிடிச்சுக்கொள்ளுங்கோ அக்கா!" என்று அவரையும் சேர்த்துத் தூக்கினார்கள் என்று தில்லைநாதன் சொல்கிறார். மீனாம்பிகை அதை மறுக்கிறார். "பொய். நான் குதிச்சனான்."

தூணிலிருந்து அவிழ்ந்த கயிறு மட்டும் எரிந்தபடி பழைய மூலையில் நிலத்தில் கிடந்தது. அதை எடுக்கப் பத்மாவதி வந்தார். மாமனாரைத் தாண்டி, அவர் நின்ற அதே படலையால் வெளியே வந்து, கயிற்றின் கனலுள்ள நுனியைச் சேலையில் படாமல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு றோட்டைக் கடந்தார். கடையை நட்டு முடிக்குமட்டும் அந்தக் கயிற்றை அவர் கையிலேயே வைத்திருந்தார்.

எங்கள் ஊர்களில் பெருமைப்பட இனி என்ன மிஞ்சியிருக்கிறது என்று கேட்பவர்களை நான் இலுப்பையடிக்கு அனுப்புகிறேன்.

ஒரு கேள்வி எனக்கு உறுத்தியது, கேட்டும்விட்டேன். புகையிலை நஞ்சு என்று தெரிந்தபின் அதை விற்பானேன்?

மீனாம்பிகை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லாக் கேட்டியள். நானும் என்னையே கேட்கிறனான்தான்" என்றார். "நான் விடுறன். அடுத்த நாள் அங்காலை ஒருத்தன் கடை போடுவான். அவன் பிள்ளையளை ஊதச் சொல்லுவானோ? வளர்ந்தவை தங்கடை நெஞ்சைத் தாங்களே எரிக்கினம். நான் சொல்லித்தான் பாக்கிறன். பிள்ளையின்ரை நெஞ்சை எரிக்க ஆருக்கு உரித்து?" அந்தப் பதில் எனக்கு முழுதாகப் போதவில்லை. அவருக்கும் போதவில்லை என்று முகம் சொன்னது. ஆனால் கைகழுவிவிட்டுச் சுத்தமாக நிற்பதைவிட, கரியோடு காவல் நிற்பது மேல் என்று அவர் முடிவு செய்திருக்கிறார்.

ஏரம்பரின் மூலையில் வாழை நட்டார்கள், குலையும் போட்டது. ஏரம்பர் சுருட்டை விடவில்லை. அவர் வீட்டு அடுப்பு மத்தியானத்தோடு ஆறுவதும் நிற்கவில்லை. ஆகவே, தன் படலைக்கு முன்னாலிருந்த நெருப்பை எதிர்ப்புறத்துக்குத் துரத்திய மனிதர், ஒவ்வொரு பின்னேரமும் பொல்லை ஊன்றி றோட்டைக் கடந்து வருகிறார். முதல் நாள் வந்தபோது ஒருவரும் கேட்காமலே, "எனக்குக் காலிருக்குது, கண்டியோ" என்றாராம். மீனாம்பிகை, "ஓம் ஐயா, நல்ல கால்" என்றாராம்.

போன கிழமை நான் அங்கே நின்றேன். தயாபரனுக்கு இப்போது பத்து வயது. இந்த வருடம் சட்டென்று வளர்ந்துவிட்டான். கொப்பி வாங்க வந்தவன், ஊதிக் காட்டிவிட்டு, விளையாட்டாகத் தூணோடு சாய்ந்து குதிக்காலை உயர்த்திக் கையை எறிந்தான். விரல் நுனி கயிற்றில் பட்டது. மீனாம்பிகை கண்டுகொண்டார். பலகையைச் சுற்றி வெளியே வந்து, முடிச்சை அவிழ்த்து, கயிற்றை ஒரு சாண் மேலே ஏற்றிக் கட்டினார். தூணில் இப்படி அவிழ்த்துக் கட்டிய தழும்பு ஐந்தோ ஆறோ இருக்கிறது.

"பெடியள் வளருகினம். நான் சும்மா இருக்கேலுமே?"

அவர் உள்ளே போய் உட்காரமுன் ஏரம்பர் வந்துவிட்டார். மடியிலிருந்து சுருட்டை எடுத்துக் கையை உயர்த்தினார். இரண்டு வருடத்தில் முதுகு வளைந்துவிட்டது. கயிறோ இன்று இன்னும் மேலே. எட்டவில்லை. பொல்லைத் தூணில் சாத்திவிட்டு மறுபடி எட்டிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற தயாபரன் ஏறி நிற்கக் கடை வாசல் வாங்குப் பலகையில் ஒரு காலை வைத்தபடி கையை நீட்டினான்.

"கொண்டாங்கோ அப்பப்பா, நான் கொளுத்தித் தாறன்."

கிழவர், பேரன் நீட்டிய அந்தச் சின்னக் கையைப் பார்த்தார். பிறகு சுருட்டைப் பொத்திப் பிடித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"போ, போய்ப் படி."

மீனாம்பிகை திரும்ப வெளியே வந்தார். முடிச்சைத் தளர்த்தி, சுட்ட பெருவிரலால் கயிற்றைப் பிடித்துக் கீழே இறக்கி, கிழவரின் முகத்துக்கு நேரே, சுருட்டு கனன்று வரும்வரை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றார். ஏற்றி முடிந்ததும் கயிறு மேலே தன் இடத்தில் ஆடியது.

இன்று பின்னேரம் உங்கள் வீட்டில் ஒருவர் சுருட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அந்தப் பிள்ளையை மறியுங்கள். கூப்பிட்டவரை எழுப்பி அனுப்புங்கள். கூப்பிடுகிறவர் நீங்களேயானால், எழும்புங்கள்.